நிலவுக்குப் போகும் செலவும் நாங்கள் கேட்கும் கேள்வியும்

அன்று பூரணை விடுமுறை. கிராமத்துச் சேமிப்புக் குழுவின் மாதாந்தக் கூட்டம் ஒரு அக்காவின் வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழ் நடந்தது. கணக்குப் பார்த்துக் கடன் மீளளிப்புப் புத்தகங்களில் கையெழுத்து வைத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கிழக்கே பனைகளுக்கு மேலால் நிலவு எழும்பியது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அந்த வீட்டுப் பிள்ளை கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து, சந்திரனுக்கு மீண்டும் மனிதரை அனுப்பும் அமெரிக்கத் திட்டம் பற்றிய செய்தியை எங்களுக்குக் காட்டியது.

குழுவில் மூத்தவரான ஒரு அம்மா சொன்னார்: "முந்தி ஒருக்காப் போனவையல்லோ. நான் அப்ப எட்டாம் வகுப்பு. அப்பா றேடியோவைத் திண்ணையில வைச்சு ஊர்ச் சனத்துக்கெல்லாம் கேக்கப் போட்டவர்."

இன்னொரு அக்கா அப்படிப் பேசவில்லை. யுத்தத்தில் கணவனை இழந்து, மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர் அவர். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த காசு சுவர் மட்டத்தோடு முடிந்து போயிற்று. "கோடிக்கணக்கில செலவழிச்சு உங்க போய் என்ன செய்யப் போகினம்? எங்கட வீட்டுக்கு இன்னும் கதவில்லை. அந்த நாட்டிலயும் ஏழை எளியதுகள் இருக்குந்தானே. அந்தச் சனம் இதைக் கேக்காதோ பிள்ளை?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் என்பதால் எதைக் கேட்டாலும் எனக்கு விடை தெரியும் என்று இவர்கள் நினைக்கிறார்கள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். அந்த அக்கா கேட்ட கேள்வியை அந்த நாட்டுச் சனங்களும் கேட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அதுவும் நிலவுக்கு மனிதர் புறப்பட்ட அதே இடத்தில், புறப்படுவதற்கு முதல் நாள் நின்று கேட்டிருக்கிறார்கள். வாசித்தவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அச்சத்தில் பிறந்த ஆசை

விண்வெளிக்குப் போகும் ஆசை ஆதியிலிருந்தே மனிதருக்கு உண்டு என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். ஆசை இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு வேண்டிய பெரும் பணம் வந்தது ஆசையால் அல்ல, அச்சத்தால் என்பதே வரலாறு.

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்ற முதலாவது செய்மதியைப் பூமியைச் சுற்ற விட்டது. செய்மதியை ஏவக்கூடிய ரொக்கட்டால் குண்டையும் ஏவ முடியும் என்பது அமெரிக்கருக்கு விளங்கியது. 1961 ஏப்ரல் 12ஆம் திகதி யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரானார். ஆறு வாரங்கள் கழிந்து மே 25ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடி கொங்கிரஸில் உரையாற்றினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்கிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று அங்கே அறிவித்தார்.

அதே கென்னடி 1962 நவெம்பரில் தனது அதிகாரிகளுடன் நடத்திய ஒரு கூட்டத்தின் ஒலிப்பதிவு பல வருடங்களின் பின் வெளியிடப்பட்டது. ரஷ்யர்களை முந்துவதுதான் முக்கியம், அது இல்லாவிட்டால் இவ்வளவு பணத்தைச் செலவழிக்கக்கூடாது, விண்வெளியில் தனக்கு அவ்வளவு அக்கறை இல்லை என்ற கருத்தில் அவர் அதில் பேசுகிறார். மேடையில் சொன்ன காரணம் ஒன்று, அறைக்குள் சொன்ன காரணம் இன்னொன்று.

யுத்தத்தைக் கண்ட எங்களுக்கு இன்னொரு விடயமும் தெரிந்திருக்க வேண்டும். சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுசென்ற சற்றேண் 5 என்ற பெரும் ரொக்கட்டை உருவாக்கியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் வேர்னர் வொன் பிரவுன். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் ஜேர்மனிக்காக வீ-2 ஏவுகணையை உருவாக்கியவரும் அவரே. 1944 செப்டெம்பரிலிருந்து இலண்டன், அன்ற்வேர்ப் போன்ற நகரங்களில் அவை விழுந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அவற்றைச் செய்வதற்கு மிற்றல்பாவ்-டோறா முகாமின் கைதிகள் நிலத்தடிச் சுரங்கங்களில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டனர். அந்த முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரில் சுமார் 20,000 பேர் உயிரிழந்தனர். யுத்தம் முடிந்ததும் வெற்றி பெற்ற நாடு அந்த நிபுணர்களைத் தன்னுடன் கொண்டுசென்றது. நிலவுக்கான வழி இப்படியான இருளுக்குள்ளாலும் வந்தது என்பதை மறந்துவிடலாகாது.

கோவேறு கழுதை வண்டிகளில் வந்தவர்கள்

1969 யூலை 15ஆம் திகதி புளோரிடா மாநிலத்தின் ஏவுதளத்தில் அப்பலோ 11 மறுநாட் பயணத்திற்கு ஆயத்தமாக நின்றது. உலகெங்குமிருந்து வந்த பத்திரிகையாளர்களும் பிரமுகர்களும் அங்கே கூடியிருந்தார்கள். அன்று பிற்பகல் இன்னொரு கூட்டமும் அங்கே வந்தது. அதில் பெரும்பாலானோர் கறுப்பின ஏழை மக்கள். தாய்மாரும் பிள்ளைகளும் இருந்தனர். கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளையும் கொண்டுவந்திருந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் போதகர் ரால்ப் அபர்நாதி. முந்திய வருடம் சுட்டுக்கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கின் நெருங்கிய தோழர் அவர். ஒரு விண்வெளி வீரருக்கு ஒரு நாள் உணவுக்கு ஆகும் செலவையும் பட்டினி கிடக்கும் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டு எழுதிய பதாகையைப் பிடித்திருந்தார்கள்.

நாசா நிறுவனத்தின் தலைவர் தோமஸ் பெய்ன் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தார். அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்குப் போதிய உணவும் உடையும் வீடும் மருத்துவமும் இல்லை என்று அபர்நாதி எடுத்துச் சொன்னார். பெய்ன் மறுக்கவில்லை. பொத்தானை அழுத்தாமல் விடுவதால் வறுமை தீருமென்றால் நாளைக்கு அதை அழுத்தவே மாட்டோம் என்றார். மனிதரின் துயரைத் தீர்க்கும் வேலையோடு ஒப்பிட்டால் தாங்கள் செய்வது சிறுபிள்ளை விளையாட்டு என்றும் ஒப்புக்கொண்டார். மறுநாள் ஏவுதலைப் பார்ப்பதற்கு அந்தக் குடும்பங்களிற் சிலருக்கு இடமும் ஒதுக்கிக் கொடுத்தார். அபர்நாதி விண்வெளி வீரர்களின் பாதுகாப்புக்காகப் பிரார்த்திப்பதாக வாக்களித்தார்.

இந்தச் சம்பவத்தை வாசித்தபோது என் மனதில் நின்றது ஒன்றுதான். அபர்நாதியோடு வந்தவர்கள் நிலவை வெறுக்கவில்லை. ரொக்கட்டை உடைக்கவும் வரவில்லை. இந்தப் பணம் எங்களுடையதுந்தான், இதைப் பற்றி எங்களிடமும் கேளுங்கள் என்று சொல்லத்தான் வந்தார்கள்.

ஐந்து நாட்களின் பின் யூலை 20ஆம் திகதி மனிதர் சந்திரனில் இறங்கினர். உலகில் அறுபது கோடி மக்களளவில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகக் கணிக்கப்படுகிறது. எங்கள் நாட்டுக்கு அப்போது தொலைக்காட்சி வரவில்லை. அது 1979இல்தான் வந்தது. எங்கள் குழுவின் அம்மா திண்ணையில் கேட்ட றேடியோ அந்த நாளுக்குரியதுதான். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அந்த நாட்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அமர்ந்து விளக்கமளித்துக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

ஒரு அருட்சகோதரியின் கடிதம்

இதே கேள்வி ஆபிரிக்காவிலிருந்தும் போனது. சாம்பியாவில் பட்டினியால் வாடும் பிள்ளைகள் மத்தியில் பணிபுரிந்த மேரி ஜூகுண்டா என்ற அருட்சகோதரி 1970இல் நாசா விஞ்ஞானி ஏர்ன்ஸ்ட் ஸ்டுலிங்கருக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவு பிள்ளைகள் பசியால் சாகும்போது செவ்வாய்க்குப் போகக் கோடிக்கணக்கில் செலவழிக்கும்படி எப்படிச் சொல்லுகிறீர்கள் என்பதே அவர் கேட்டது.

ஸ்டுலிங்கர் அந்த வருடம் மே மாதத்தில் நீண்ட பதில் எழுதினார். இவரும் ஜேர்மனியில் வொன் பிரவுனுடன் வேலை செய்து பின்னர் அமெரிக்காவுக்குப் போனவரே. ஆயினும் அவரது பதிலில் அலட்சியம் கிடையாது. சகோதரியின் பணிக்கு முதலில் மரியாதை தெரிவித்துவிட்டு ஒரு கதை சொல்லுகிறார். நானூறு வருடங்களுக்கு முன் ஜேர்மன் சிற்றூர் ஒன்றில் இரக்கமுள்ள பிரபு ஒருவர் இருந்தார். ஏழைகளுக்கு வாரி வழங்குவார். அதே வேளை கண்ணாடி வில்லைகளைத் தீட்டிச் சிறிய பொருட்களைப் பெரிதாகப் பார்க்கும் ஒரு விசித்திர மனிதனையும் தன் மாளிகையில் வைத்து ஆதரித்தார். ஊரிலே கொள்ளை நோய் பரவியிருந்த காலம் அது. இந்த வீண்செலவை விட்டு எங்களுக்குத் தாருங்கள் என்று மக்கள் கோபப்பட்டனர். பிரபு இரண்டையும் தொடர்ந்து செய்தார். அத்தகைய உழைப்பிலிருந்துதான் நுணுக்குக்காட்டி பிறந்தது. நோய்க் கிருமிகளை மனிதர் காண முடிந்ததும், பல கொள்ளை நோய்கள் ஒழிந்ததும் அதனாற்றான். 1968 நத்தார்க் காலத்தில் அப்பலோ 8 சந்திரனைச் சுற்றியபோது எடுக்கப்பட்ட, நிலவின் விளிம்புக்கு மேல் பூமி எழும்பும் படத்தையும் கடிதத்துடன் அனுப்பியிருந்தார்.

நல்ல பதில். எனினும் எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. கதையிலே வரும் பிரபு செலவழித்தது தன் சொந்தப் பணத்தை. நாசா செலவழித்தது மக்களின் வரிப் பணத்தை. பிரபு யாரையும் கேட்கத் தேவையில்லை. ஓர் அரசு கேட்கத்தான் வேண்டும்.

ஆரவாரம் அடங்கியபோது

மக்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள்? அமெரிக்கர் எல்லோரும் ஒருமனதாக நின்று நிலவுப் பயணத்தை ஆதரித்தார்கள் என்ற எண்ணம் இன்று பலரிடம் உண்டு. அன்றைய கருத்துக் கணிப்புகள் வேறு விதமாகக் கூறுகின்றன. 1960களில் எடுக்கப்பட்ட பல கணிப்புகளில், அரசாங்கம் விண்வெளிக்கு அளவுக்கு மிஞ்சிச் செலவழிக்கிறது என்று சொன்னவர்கள் 45 முதல் 60 வீதம் வரையில் இருந்தனர். செலவுக்கேற்ற பலன் உண்டு என்று பாதிக்கு மேற்பட்டோர் கூறியது 1969 யூலையில், நிலவில் இறங்கிய அந்த வேளையில். அப்போதுகூட 53 வீதம்தான்.

1966இல் அமெரிக்க மத்திய அரசு செலவழித்த ஒவ்வொரு நூறு டொலரிலும் நாலரை டொலரளவு நாசாவுக்குப் போனது. அப்பலோ திட்டத்திற்கு மொத்தமாக அக்காலப் பெறுமதியில் 25 பில்லியன் டொலர் வரையில் முடிந்தது. உச்சக் கட்டத்தில் நான்கு இலட்சம் பேர் அதற்காக உழைத்தார்கள். ரஷ்யரை முந்தியாகிவிட்டது என்றதும் அச்சம் தீர்ந்தது. அச்சத்தோடு ஆர்வமும் தீர்ந்தது.

1970 ஏப்ரல் 13ஆம் திகதி அப்பலோ 13 விண்கலத்திலிருந்து வீரர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று செய்தார்கள். பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் எதுவும் அதை ஒளிபரப்பவில்லை. மூன்றாவது தடவை நிலவுக்குப் போவதில் என்ன புதினம் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். நிகழ்ச்சி முடிந்து சில நிமிடங்களில் ஒட்சிசன் தாங்கி வெடித்தது. அதன் பின் நான்கு நாட்கள் உலகமே மூச்சை அடக்கிக்கொண்டு அந்த மூவருக்காகக் காத்திருந்தது. ரொக்கட்டில் ஆர்வம் போனவர்களுக்கு மனிதரில் ஆர்வம் போகவில்லை.

ஆயினும் அந்த வருடத்திலேயே திட்டமிட்டிருந்த கடைசிப் பயணங்கள் இரத்துச் செய்யப்பட்டன. 1972 டிசெம்பரில் அப்பலோ 17 திரும்பியது. சந்திரனில் நடந்த மனிதர் பன்னிரண்டு பேர். பன்னிருவரும் ஆண்கள், பன்னிருவரும் அமெரிக்கர். அந்த டிசெம்பருக்குப் பின் அரை நூற்றாண்டாக எவரும் அங்கே கால் வைக்கவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் கிராமமொன்றில் மூலையில் கிடக்கும் தையல் இயந்திரங்கள் ஞாபகம் வந்தன. மீள்குடியேற்றத்தின் பின் உதவி செய்யவென்று வந்த ஒரு நிறுவனம் முப்பது பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தது. பட்டியல் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. உங்களுக்கு என்ன தேவை என்று நாங்கள் கேட்கவில்லை. திட்டத்தில் தையல் என்று எழுதியிருந்தது, நாங்களும் தையல் என்று எழுதினோம். கையளிப்பு விழா, மாலை, படம் எல்லாம் சிறப்பாக நடந்தன. ஒரு கிராமத்தில் முப்பது பேர் தைத்தால் துணி கொடுக்க ஆள் எங்கே? இரண்டு வருடங்களில் அநேகமானவை தூசி பிடித்துவிட்டன. சனத்தைக் கேளாமல் தொடங்கும் வேலை, கொடுத்தவர் போனதும் நின்றுவிடும். அது தையல் இயந்திரமானாலும் சரி, சந்திரனுக்குப் போகும் ரொக்கட்டானாலும் சரி.

புடவை ஆலையிலிருந்து விண்வெளிக்கு

விண்வெளிக்குச் சென்ற முதற் பெண்ணின் கதை எங்கள் வாசகிகளுக்கு மிக நெருக்கமானது. வலன்ரினா தெரேஷ்கோவா 1937இல் ரஷ்யக் கிராமமொன்றில் பிறந்தார். தகப்பன் உழவு இயந்திரச் சாரதி. பின்லாந்துடன் நடந்த யுத்தத்தில் அவர் இறந்தபோது வலன்ரினாவுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. தாய் புடவை ஆலையில் வேலை செய்து மூன்று பிள்ளைகளையும் தனியாக வளர்த்தார். வலன்ரினாவும் முதலில் ரயர்த் தொழிற்சாலையிலும் பின்னர் ஆலையிலும் வேலை செய்துகொண்டு தபால் மூலம் படித்தார். ஓய்வு நாட்களில் பரசூட்டில் குதிக்கப் பழகினார். அந்தப் பழக்கந்தான் அவரைத் தெரிவு செய்யக் காரணமாயிற்று. பயிற்சி இரகசியமாக நடந்ததால் பரசூட் போட்டிக்குப் போவதாகத் தாயிடம் சொல்லிவிட்டுப் போனார். மகள் விண்வெளியில் இருக்கிறாள் என்பதைத் தாய் வானொலிச் செய்தியில்தான் அறிந்தார். 1963 யூன் 16ஆம் திகதி புறப்பட்ட வலன்ரினா மூன்று நாட்களளவில் பூமியை 48 தடவைகள் சுற்றிவந்தார்.

யுத்த விதவையொருவரின் மகள், ஆலைத் தொழிலாளி, விண்வெளிக்குப் போனாள் என்ற செய்தி உலகத்துப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய உற்சாகத்தைத் தந்திருக்கும்! ஆனால் அதன் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவருடன் பயிற்சி பெற்ற மற்றப் பெண்கள் எவரும் அனுப்பப்படவில்லை. 1969இல் அந்தப் பெண்கள் குழு கலைக்கப்பட்டது. இரண்டாவது பெண் விண்வெளிக்குப் போனது 1982இல், பத்தொன்பது வருடங்கள் கழித்து. ஒரு தடவை காட்டியாயிற்று, அதோடு தேவை முடிந்தது. அமெரிக்காவிலோ திறமை வாய்ந்த பெண் விமானிகள் 1962இல் கொங்கிரஸ் விசாரணை வரை போய்க் கேட்டும் அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை.

இந்தக் கதவு திறந்ததற்கு மக்களின் பங்கும் உண்டு. தொலைக்காட்சித் தொடரொன்றில் விண்கல அதிகாரியாக நடித்த கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸ், எங்கள் ஆட்கள் எங்கே என்று பகிரங்கமாகக் கேட்டார். அதன் பின் 1977இல் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கத் தூண்டும் பணி அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1978இல் தெரிவான 35 பேரில் முதற் தடவையாக ஆறு பெண்கள் இருந்தனர். அவர்களில் ஒருவரான சலி றைட் 1983இல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்ணானார்.

கதவு திறந்தாலும் உள்ளே எல்லாம் சரியாகிவிடுவதில்லை. 2019 மார்ச்சில் விண்வெளி நிலையத்திற்கு வெளியே இரண்டு பெண்கள் சேர்ந்து வேலை செய்யும் முதல் நிகழ்வு நடக்கவிருந்தது. இருவருக்கும் அளவான நடுத்தர அளவு உடை ஒன்றுதான் ஆயத்தமாக இருந்ததால் அது நடக்கவில்லை. ஒக்டோபர் 18ஆம் திகதியே கிறிஸ்டினா கொக், ஜெசிக்கா மெயர் ஆகிய இருவரும் சேர்ந்து வெளியே சென்றனர். கிறிஸ்டினா கொக் அந்தப் பயணத்தில் 328 நாட்கள் விண்வெளியில் இருந்தார்.

மீண்டும் போவது எதற்காக?

2003 பெப்ரவரி 1ஆம் திகதி கொலம்பியா ஓடம் திரும்பி வரும் வழியில் சிதறி, இந்தியாவில் பிறந்த கல்பனா சவ்லா உட்பட ஏழு பேர் இறந்தனர். இவ்வளவு உயிரைக் கொடுத்துப் பூமியைச் சுற்றி மட்டும் வருவதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. 2004 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி புஷ், 2020க்குள் மீண்டும் சந்திரனுக்குப் போவோம் என அறிவித்தார். 2010இல் ஒபாமா அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. 2017 டிசெம்பரில் ட்ரம்ப் அரசு மீண்டும் சந்திரன் என்றது. இப்படிப் பிறந்ததே ஆர்ட்டிமிஸ் திட்டம். கிரேக்கப் புராணத்தில் ஆர்ட்டிமிஸ் என்பவள் அப்பலோவின் இரட்டைச் சகோதரி. 2012 முதல் 2025 வரை இதற்கு 93 பில்லியன் டொலர் செலவாகும் என நாசாவின் கணக்காய்வுப் பிரிவே மதிப்பிட்டிருந்தது. சீனாவும் 2030க்குள் தன் வீரர்களைச் சந்திரனில் இறக்குவதாக அறிவித்திருப்பதால், யார் முந்துவது என்ற பழைய பேச்சு மீண்டும் தொடங்கியிருக்கிறது.

மக்கள் என்ன சொல்லுகிறார்கள்? அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2023இல் நடத்திய கணிப்பில், நாசா முதலிடம் கொடுக்க வேண்டிய பணி எது என்று பல பணிகளைக் கூறிக் கேட்கப்பட்டது. பூமியில் வந்து மோதக்கூடிய விண்கற்களைக் கண்காணிப்பதற்கு 60 வீதமானோர் முதலிடம் கொடுத்தனர். சந்திரனுக்கு மனிதரை அனுப்புவதற்கு 12 வீதமானோரும் செவ்வாய்க்கு அனுப்புவதற்கு 11 வீதமானோருமே முதலிடம் கொடுத்தனர். ஆனால் விண்வெளியில் தங்கள் நாடு முன்னணியில் நிற்பது அவசியம் என்று அதே கணிப்பில் 69 வீதமானோர் கூறினர். பெருமை வேண்டும், ஆனால் முதலில் கூரை காக்கப்பட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். எங்கள் அக்கா சொன்னதும் இதுவே.

மக்களின் விருப்பம் தானாகவே எழுந்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. ஹபிள் தொலைநோக்கி 1990இல் விண்வெளியில் வைக்கப்பட்டது. அதன் கண்ணாடியில் இருந்த பிழையை 1993இல் வீரர்கள் நேரிற் சென்று திருத்தினார்கள். கொலம்பியா விபத்தின் பின் இனி ஹபிளைத் திருத்த ஆட்களை அனுப்புவது ஆபத்து என்று 2004இல் நாசா முடிவு செய்தது. அதை எதிர்த்து விஞ்ஞானிகள் மட்டுமல்லாது பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பொதுமக்களும் குரல் எழுப்பினர். அந்தத் தொலைநோக்கி எடுத்த படங்கள் அவர்களின் பாடப் புத்தகங்களிலும் வகுப்பறைச் சுவர்களிலும் இருந்தன. அதைத் தங்களுடையதாகவே நினைத்தார்கள். 2006இல் முடிவு மாற்றப்பட்டது. 2009 மேயில் வீரர்கள் சென்று திருத்தினர். அங்கே போட்டியும் இல்லை, அச்சமும் இல்லை. இது எங்களுடையது என்ற எண்ணந்தான் இருந்தது.

விண்வெளிப் பயணத்தை நியாயப்படுத்துவோர் சொல்லும் எல்லாவற்றையும் அப்படியே நம்பவும் தேவையில்லை. ஒட்டாத சட்டிக்குப் பூசும் தெப்லோன், கொளுவி ஒட்டும் வெல்க்ரோ ஆகியவை நாசாவின் கண்டுபிடிப்புகள் என்பார்கள். இரண்டும் நாசா தோன்றுவதற்கு முன்பே இருந்தவை. புயல் வருவதை எங்களுக்கு முன்கூட்டியே சொல்ல உதவும் செய்மதிகளில் மனிதர் இருப்பதில்லை. அவை ஆளில்லாமலே வேலை செய்கின்றன.

அப்படியானால் மனிதர் போவதால் என்ன பயன்? அதற்கும் உண்மையான விடை இருக்கிறது. ஆறு தடவை இறங்கிய அப்பலோ வீரர்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் தெரிந்தெடுத்துக் கொண்டுவந்தனர். அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தின் மூன்று ஆளில்லாக் கலங்கள் கொண்டுவந்தது 300 கிராமளவுதான். மனிதக் கண்ணும் கையும் போகும்போது கிடைப்பது அதிகம். கொடுக்க வேண்டிய விலையும், போகக்கூடிய உயிரும் அதிகம். இரண்டையும் தராசில் வைத்துச் சனங்களிடம் காட்டுவதுதான் நேர்மை.

2022 நவெம்பரில் ஆளில்லாமல் சந்திரனைச் சுற்றிவந்த ஆர்ட்டிமிஸ் 1 கலத்தில் முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் பெயர்கள் பதிந்து அனுப்பப்பட்டன. விரும்பியவர்கள் பெயர் கொடுத்தார்கள். பெயரை அனுப்புவதால் என்ன வந்துவிடும் என்று சிரிக்கலாம். ஆனால் காணாமற் போன பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தாய்மார் எங்களில் இருக்கிறார்கள். ஓரிடத்தில் தம் பெயர் எழுதப்பட வேண்டும் என்று மனிதர் ஏன் விரும்புகிறார்கள் என்பதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கேட்பது எங்கள் உரிமை

சந்திரனைச் சுற்றிவரும் ஆர்ட்டிமிஸ் 2 பயணத்துக்கென 2023 ஏப்ரலில் நால்வர் பெயர் அறிவிக்கப்பட்டது. நிலவுப் பயணமொன்றுக்குத் தெரிவான முதற் பெண்ணாகக் கிறிஸ்டினா கொக்கும், முதற் கறுப்பினத்தவராக விக்டர் குளோவரும் அதில் இருந்தனர். அடுத்து நிலவில் கால் பதிப்போரில் ஒரு பெண் இருப்பார் என்றும் நாசா பல வருடங்களாகச் சொல்லி வந்தது. 2025 மார்ச்சில் அந்த வாசகம் நாசாவின் இணையத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எழுதிக் கொடுத்த வாக்குறுதியையும் ஓர் ஆட்சி மாற்றத்தில் அழித்துவிடலாம் என்பதற்கு நாங்கள் வேறெங்கும் போய் உதாரணம் தேடத் தேவையில்லை.

மனிதரை மீண்டும் விண்வெளிக்கு அனுப்ப மக்களைத் தூண்டுவது எது என்ற கேள்விக்கு, நான் வாசித்தவற்றிலிருந்து எனக்குக் கிடைத்த விடை எளிமையானது. அச்சம் பணத்தைக் கொண்டுவரும், ஆனால் நெடுநாள் நிற்காது. போட்டி முடிந்தால் போட்டியில் பிறந்த ஆசையும் முடியும். எங்களில் ஒருத்தி போகிறாள், எங்களைக் கேட்டுப் போகிறார்கள், எங்கள் பசியையும் மறக்காமல் போகிறார்கள் என்று சனங்கள் உணரும்போது வரும் விருப்பந்தான் நிலைத்து நிற்கும்.

அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன். கோவேறு கழுதை வண்டிகளில் வந்தவர்களின் கதையை இரண்டாந்தரமும் சொல்லச் சொன்னார்கள். ஆலைத் தொழிலாளியின் மகள் தாய்க்குப் பொய் சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டு மூத்த அம்மா சிரித்தார். "தாய்க்குத் தெரிஞ்சிருந்தால் விட்டிருப்பாவே!" என்றார். கைத்தொலைபேசி கொண்டுவந்த பிள்ளை, தனக்குக் கணிதம் ஓடாது, போகலாமோ என்று கேட்டது. ஓட வைக்கலாம் என்றேன்.

முதலில் கேள்வி கேட்ட அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போகட்டும் பிள்ளை. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா காசு குடுக்கிற சனத்திட்டக் கேட்டுப்போட்டுப் போகட்டும்" என்றார்.

பிறகு கூட்டம் எங்கள் அலுவலுக்குத் திரும்பியது. எங்கள் கிராமத்துக்குப் புதிய வாழ்வாதாரத் திட்டம் ஒன்று வரப்போவதாகக் கேள்வி. என்ன கொடுக்கப் போகிறார்கள், யார் தெரிவு செய்தார்கள், தண்ணீர் வசதி பார்த்தார்களா, விற்க வழி என்ன என்று ஐந்து கேள்விகளை அந்த அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இம்முறை பட்டியலுக்கு முன் கேள்விகள். கீழே பதினெட்டுப் பெண்கள் கையெழுத்து வைத்தார்கள்.

வாசகிகளே, உங்கள் கிராமத்திலும் எதையாவது கொண்டுவந்து கையளிக்க ஒருவர் வந்தால், மாலை கட்டுவதற்கு முன் நீங்களும் கேளுங்கள். ஏவுதளத்துக்கே போய்க் கேட்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள்.